தள்ளுகுச்சி: ஒரு முழ மரத்தின் வரலாறு

எங்கள் மாமாவுக்கு வலது கை ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும். சின்ன வயதில் எனக்கு அது ஒரு வேடிக்கை. அந்த மொட்டை விரலை மூக்கில் வைத்துக்கொண்டு, முழு விரலும் உள்ளே போய்விட்ட மாதிரி நடித்துக் காட்டுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அந்த விரல் எப்படிப் போனது என்று கேட்கத் தோன்றியது கல்லூரிக்கு வந்த பிறகுதான்.

உசிலம்பட்டியில் ஒரு மரப் பட்டறையில் போயிருக்கிறது. நிலைக்கதவுக்கு ரீப்பர் கிழித்துக்கொண்டிருந்தபோது, கடைசி நாலு விரற்கடை மரத்தைக் கையால் தள்ளியிருக்கிறார். மரம் எத்தியது, கை முன்னால் போனது, அவ்வளவுதான். "குச்சி வச்சுத் தள்ளியிருக்கலாம்ல மாமா?" என்றேன். "அப்ப யாரு மருமகனே குச்சி வச்சிருந்தா? அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது" என்றார்.

அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. தேடிப் பார்த்தால், அந்தக் குச்சியைப் பற்றி அரசாங்கம் சட்டப்படி விதி எழுதி வைத்து எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. காசு செலவில்லாத, கழிவு மரத்தில் கால் மணி நேரத்தில் செய்துகொள்ளக்கூடிய ஒரு பொருள். அதுவும் சட்டத்தில் இருக்கிறது. இருந்தும் என் மாமாவின் கைக்கு அது வந்து சேரவில்லை. ஏன் என்று தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மரவேலை தெரியாதவர்களும் பயப்படாமல் படிக்கலாம், நானே பாதி தெரியாதவன்தான்!

முதலில் இயந்திரம். பட்டறைகளில் 'சர்க்குலர்' என்று சொல்வார்கள். ஒரு இரும்பு மேசை, நடுவில் ஒரு கோடு போல வெட்டு, அந்த வெட்டுக்குள்ளிருந்து வட்ட ரம்பத்தின் மேல்பாதி எட்டிப் பார்க்கும். பக்கத்தில் அளவுக்கு ஒரு கட்டை நிறுத்தியிருக்கும். மரத்தை அந்தக் கட்டையோடு அணைத்துப் பிடித்து ரம்பத்தை நோக்கித் தள்ள வேண்டும். ரம்பம் நகராது, மரம்தான் நகரும். எனவே மரத்தோடு கையும் ரம்பத்தை நோக்கி நகரும். ஆபத்து முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. 12 அங்குல ரம்பம், நிமிடத்துக்கு 2,880 சுற்று ஓடும் மோட்டாரில் நேராகப் பூட்டியது என்று வைத்துக்கொள்வோம். விளிம்பின் வேகம் நொடிக்கு சுமார் 46 மீட்டர், அதாவது மணிக்கு 165 கிலோமீட்டர். மதுரையிலிருந்து உசிலம்பட்டி வரும் பஸ்ஸை இதோடு ஒப்பிட்டால் டிரைவர் அண்ணன் கோபித்துக்கொள்வார். ரம்பத்தில் 40 பல் என்றால் நொடிக்கு 1,920 பல் ஒரே இடத்தைக் கடக்கும். 'ஐயோ' என்று உணர்ந்து கையை இழுக்க மனிதனுக்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். அதற்குள் 380 பல் கடந்திருக்கும். "நான் உஷாரா இருப்பேன்" என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம்.

இன்னொரு விஷயம், மரம் எத்துவது. ரம்பத்தின் முன்பக்கப் பல் கீழ்நோக்கி இறங்கும், மரத்தை மேசையோடு அமுக்கும். அதில் பயமில்லை. பின்பக்கப் பல் மேல்நோக்கி ஏறும். அறுபட்ட மரம் பின்னால் சுருங்கி ரம்பத்தைக் கவ்வினாலோ, கோணலாகித் தொட்டாலோ, அந்தப் பின்பல் மரத்தைத் தூக்கி நம்மை நோக்கியே வீசும். அந்த நேரத்தில் நாம் முழு பலத்தோடு முன்னால் தள்ளிக்கொண்டிருப்போம். தள்ளிய மரம் திடீரென்று காணாமல் போனால் கை எங்கே போகும்? மாமாவுக்கு நடந்தது அதுதான்.

இந்த இயந்திரம் வருவதற்கு முன்னால் நம்மூரில் எப்படி அறுத்தார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பதிலில் ஒரு பாதி அங்கேதான் இருக்கிறது.

உசிலம்பட்டி என்ற பெயரே உசில மரத்திலிருந்து வந்தது என்பார்கள். (அரப்புத் தூள் போட்டுத் தலை குளித்திருக்கிறீர்களா? அந்த இலை உசில மர இலைதான்.) பெரிய மரத்தை அறுக்க ஒரு குழி வெட்டி, அதன் மேல் மரத்தைக் கிடத்தி, ஒருவர் மேலே நின்றும் ஒருவர் குழிக்குள் நின்றும் நீள வாளை இழுப்பார்கள். கீழே நிற்பவர் தலையெல்லாம் மரத்தூள். சின்ன வேலைக்கு ஆசாரி தரையில் உட்கார்ந்து, மரத்தைக் கால் விரலால் கவ்விப் பிடித்துக்கொண்டு வாளைத் தன் பக்கம் இழுத்து அறுப்பார். ஐரோப்பிய வாள் தள்ளும்போது அறுக்கும், நம் பழைய வாள் இழுக்கும்போது அறுக்கும். அவர்களுக்கு மேசையும் இரும்புப் பிடியும் செய்த வேலையை இங்கே கால் செய்தது.

இதில் கவனிக்க வேண்டியது, கையும் காலும் வாளுக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தன என்பது. அது முட்டாள்தனம் இல்லை. கைவாளின் வேகம் உங்கள் தோளின் வேகம்தான். வாள் தடம் மாறினால் கைக்கு உடனே தெரியும், நிறுத்திவிடலாம். பக்கத்தில் இருந்தால்தான் மரத்தின் மனசு தெரியும் என்று என் தாத்தா சொல்வார். அந்தத் தொழிலில் நெருக்கம்தான் திறமை. மோட்டார் வந்தபோது வாள் மட்டும் மாறியது, நெருக்கம் மாறவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கை கற்றுக்கொண்ட பழக்கத்தை, புதிய இயந்திரத்தோடு வந்த யாரும் மாற்றிக் கற்றுக்கொடுக்கவில்லை.

வட்ட ரம்பம் இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைகாட்டியது. சவுத்தாம்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் 1777இல் பெற்ற காப்புரிமையில் அதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. 1800களின் தொடக்கத்தில் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் மார்க் புரூனெல், ஹென்றி மாட்ஸ்லே இருவரும் சேர்ந்து, கப்பல் கயிறுகளுக்கான மரக் கப்பிகளைச் செய்ய ஒரு வரிசை இயந்திரங்களை அமைத்தார்கள். முன்பு 110 தேர்ந்த ஆட்கள் செய்த வேலையை 10 சாதாரண ஆட்கள் செய்தார்கள் என்பது எல்லாத் தொழில் வரலாற்றுப் புத்தகங்களிலும் வரும் கணக்கு. 1808இல் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள். அந்த வரிசையில் வட்ட ரம்பமும் உண்டு. அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது.

ரம்பம் போன இடமெல்லாம் விரலும் போனது. கடைசியில் பிரிட்டனில் 1922இல் மரவேலை இயந்திரங்களுக்கென்றே தனியாக விதிகள் வந்தன. வட்ட ரம்பத்தின் தலைக்கு மூடி வேண்டும். மேசைக்குக் கீழே இருக்கும் பகுதிக்கு இரண்டு பக்கமும் தகடு வேண்டும். ரம்பத்துக்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஒரு இரும்புக் கத்தி நிற்க வேண்டும். (அறுபட்ட மரம் மறுபடி சுருங்கி ரம்பத்தைக் கவ்வாமல் பிரித்துப் பிடிக்க, அதாவது எத்தாமல் இருக்க.) இவற்றோடு நாலாவதாக, கையால் தள்ளும் ஒவ்வொரு ரம்ப மேசையிலும் தகுந்த ஒரு தள்ளுகுச்சி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஒரு சாம்ராஜ்யம் உட்கார்ந்து ஒரு குச்சிக்குச் சட்டம் போட்டிருக்கிறது! படித்தபோது சிரிப்பு வந்தது. மாமாவின் விரல் ஞாபகம் வந்ததும் நின்றுவிட்டது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881. அதைக் கொண்டுவந்ததில் மனிதாபிமானமும் உண்டு, பம்பாய் மில்களின் போட்டியைக் கண்டு எரிச்சலடைந்த லங்காஷயர் முதலாளிகளின் நெருக்கடியும் உண்டு. எது எப்படியோ, இயந்திரங்களுக்கு வேலி போட வேண்டும் என்ற பேச்சு இங்கே சட்டமானது அப்போதுதான். ஆனால் யாருக்கு? இயந்திர சக்தியில் ஓடி, 100 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடத்துக்கு மட்டும்.

இந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கதையே இதுதான். 1881இல் 100. 1891இல் 50. 1922இல் 20. 1948இல் 10. ஒவ்வொரு சட்டத்திலும் வாசல் கொஞ்சம் கீழே இறங்கி, சின்னச் சின்ன இடங்களும் உள்ளே வந்தன. மதுரையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த ஹார்வி மில் மாதிரியான இடங்கள் முதலிலிருந்தே உள்ளே. மரப் பட்டறை எப்போதும் வாசலுக்கு வெளியே.

1948 சட்டம் 1949 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் மாநிலங்கள் விதிகள் எழுதின, மதராஸ் மாநிலத்து விதிகள் 1950இல் வந்தன. இந்த விதிகளில் மரவேலை இயந்திரங்களுக்கென்று ஒரு அட்டவணை உண்டு. படித்தால் 1922 பிரிட்டிஷ் விதியின் தம்பி என்று சட்டெனத் தெரியும். அதே மூடி, அதே தகடுகள், அதே பின்கத்தி. அதே குச்சியும்: ஒவ்வொரு வட்ட ரம்ப மேசைக்கும் ஒரு தள்ளுகுச்சியோ அதற்கு நிகரான வேறு சாதனமோ கொடுக்க வேண்டும். ஆக, குச்சி 1950 வாக்கிலேயே கப்பலேறி வந்துவிட்டது. மாமாவின் பட்டறைக்கு மட்டும் வரவில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் முதலாளியையும் சேர்த்து நாலு பேர். சட்டம் தலையை எண்ணியது, ரம்பத்தை எண்ணவில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் ரம்பம் மெதுவாகவா சுற்றும்?

நியாயமாகச் சொன்னால், அந்தச் சட்டத்தின் 85ஆம் பிரிவின்படி, ஆள் குறைவாக உள்ள இடங்களுக்கும் சட்டத்தை நீட்டிக்க மாநில அரசுக்கு அதிகாரம் இருந்தது. கதவு இருந்தது, சாவி இருந்தது. இன்றைய நிலை என்ன என்றால், 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, 1948 சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. அதில் மின்சாரத்தில் ஓடும் இடத்தைத் தொழிற்சாலை என்று சொல்ல 20 பேர் வேண்டும். 100, 50, 20, 10 என்று இறங்கி வந்த எண் முதன்முறையாக ஏறியிருக்கிறது. இதைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. ஆனால் நாலு பேர் பட்டறைக்கு 10 ஆனாலும் 20 ஆனாலும் ஒன்றுதான் என்பதால், அந்தக் கோபத்தை வேறு கட்டுரைக்கு வைத்துக்கொள்கிறேன்.

விரல் போன பிறகு என்ன நடக்கும்? அதற்கு 2025 நவம்பர் வரை வேறொரு சட்டம் இருந்தது, 1923ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். அதன் முதல் அட்டவணையைப் படித்துப் பாருங்கள், மனசு என்னவோ செய்யும். உடம்பை உறுப்பு உறுப்பாகப் பிரித்து விலைப்பட்டியல் மாதிரி எழுதியிருக்கும். கட்டை விரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரல் முழுவதும் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. ஒரு கையில் நாலு விரலும் போனால் 50. ஆள்காட்டி விரலில் இரண்டு கணு மட்டும் போனால் 11. எலும்பு போகாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5.

மாமாவுக்குப் போனது இரண்டு கணு. 11 சதவீதம். 30 வயது ஆளுக்கு, கணக்கில் எடுக்கும் மாதக் கூலி 15,000 ரூபாய் என்றால், அதில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணி 207.98ஆல் பெருக்கி, அதில் 11 சதவீதம் எடுக்க வேண்டும். சுமார் 2,05,900 ரூபாய் வருகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், மின்சாரத்தில் ஓடும் பட்டறைக்கு இந்த இழப்பீட்டில் பத்து பேர் இருபது பேர் என்ற வரம்பு இல்லை. நாலு பேர் இடத்துக்கும் பொருந்தும். அதாவது விரல் போவதற்கு முன்னால் காக்கும் சட்டம் அந்தப் பட்டறைக்குள் நுழையாது, போன பிறகு விலை சொல்லும் சட்டம் நுழையும். மாமா அதையும் கேட்கவில்லை. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்டார், ஒரு மாதச் சம்பளம் கொடுத்தார், "நல்ல மனுசன்" என்று மாமா இன்றும் சொல்கிறார். நல்ல மனிதர்தான். இரண்டு பேருக்குமே தெரியாது.

இங்கே ஒரு சின்ன விலகல். எங்கள் பக்கத்தில் விரலுக்கு வேறு ஒரு சரித்திரம் இருக்கிறது. உசிலம்பட்டியிலிருந்து அதிக தூரம் இல்லாத பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, குற்றப்பரம்பரைச் சட்டத்தின்படி கைரேகை பதியச் சொன்னதை மறுத்த மக்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். ஊரில் அந்தச் சட்டத்துக்கே 'ரேகைச் சட்டம்' என்றுதான் பெயர். 1947இல்தான் மதராஸ் மாகாணத்தில் அது ஒழிந்தது. இரண்டையும் ஒப்பிடுவது சரியா என்று எனக்கு முழு நிச்சயம் இல்லை, இருந்தாலும் வருடங்களைப் பார்க்கும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1920இல் பத்து விரலையும் எண்ணி மையில் தோய்க்க அரசாங்கத்தால் கிராமத்துக்குள் வர முடிந்தது. 1923இல் ஒவ்வொரு விரலுக்கும் சதவீதம் எழுத முடிந்தது. அந்த விரல் போகாமல் இருக்க ஒரு குச்சியைக் கொண்டுவந்து கொடுக்கத்தான் வழி தெரியவில்லை.

சரி, அரசாங்கத்தைத் திட்டிவிட்டு முடித்துவிட்டால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி தாத்தாவிடம் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு யாரோ சொல்லி, அந்தப் பட்டறையில் ஒரு குச்சி செய்து வைத்தார்களாம். ஒரு ரீப்பர் துண்டு, நுனியில் பறவை வாய் மாதிரி ஒரு வெட்டு. பத்து நாளில் அது அடுப்புக்குப் போனது. ஏன் தாத்தா என்று கேட்டேன்.

"அதப் புடிச்சா மரம் பேச மாட்டேங்குதுப்பா. கைல புடிச்சா எங்க இறுகுது, எங்க விடுதுன்னு தெரியும். குச்சில ஒண்ணும் தெரியல. அதுபோக வழுக்குது."

"அதுக்காக?"

"குச்சி வச்சு அறுத்தா கத்துக்குட்டின்னு சிரிப்பாய்ங்க."

இரண்டாவது காரணத்துக்கு நான் பதில் சொல்ல முடியாது. ஊரில் கை முழுசாக இருக்கும் ஆசாரியைவிட ஒரு விரல் குறைந்த ஆசாரிக்கு அனுபவம் அதிகம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் முதல் காரணம் என்னை யோசிக்க வைத்தது. தாத்தா சொன்னது முழுக்க உண்மை. விதிகளில் 'தகுந்த குச்சி' என்று ஒரு சொல் இருக்கிறதே தவிர, எது தகுந்தது என்று யாரும் சொல்லவில்லை. ரம்பத்தின் மூடிக்கும் பின்கத்திக்கும் தகட்டுக்கும் அளவு சொன்னவர்கள், மனிதன் கையில் பிடிக்க வேண்டிய ஒரே பொருளுக்கு மட்டும் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைக்குப் பிடிக்காத குச்சி சுவரில்தான் தொங்கும், இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்காக. என் கட்சி இதுதான்: தள்ளுகுச்சிக்கு சுகமும் பாதுகாப்பும் இரண்டு விஷயம் இல்லை, ஒன்றுதான்.

எனவே நானே செய்து பார்த்தேன். (மாமாவின் மேற்பார்வையில். வீட்டில் திட்டு வாங்கியது தனிக்கதை.)

முதல் குச்சி, பழைய மாதிரியே. ஒரு முழ நீளம், நுனியில் வெட்டு. பிரிட்டனில் இன்றும் பரிந்துரைக்கும் நீளம் 450 மில்லிமீட்டர், நம் ஒரு முழம் கிட்டத்தட்ட அதேதான். நீளம் நல்லது, கை தூரத்தில் நிற்கும். ஆனால் அது மரத்தின் பின்முனையை ஒரே புள்ளியில் தொடுகிறது. மரத்தை முன்னால் தள்ளுமே தவிர, கீழே அமுக்காது. பின்பல் தூக்கினால் மரம் எழும்பும், குச்சி நழுவும். தாத்தா சொன்ன வழுக்கல் இதுதான். மணிக்கட்டும் வலித்தது.

இரண்டாவது, செருப்பு மாதிரி அடிப்பாகம் உள்ளது. இது எனக்குப் பிடித்துவிட்டது, செய்முறையைச் சொல்கிறேன். 12 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் மரப் பலகை வேண்டாம். இழை குறுக்கே வரும் இடத்தில், முக்கியமாகக் குதிகால் பகுதியில், ஒரு தட்டில் பிளந்துவிடும். பிளைவுட்டில் இழை மாறி மாறி இருப்பதால் பிளக்காது. அடிப்பாகம் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம், நேராக. அதன் பின்முனையில் மட்டும் 6 மில்லிமீட்டர் கீழே இறங்கும் ஒரு குதிகால் விட்டு வெட்டுங்கள். அந்தக் குதிகால் மரத்தின் பின்னால் மாட்டிக்கொண்டு தள்ளும், அடிப்பாகம் முழுவதும் மரத்தின் மேல் படுத்து அமுக்கும். ஒரே கையில் இரண்டு வேலை. அறுக்கும் மரம் குதிகாலைவிட மெல்லியதாக இருந்தால் குதிகால் மேசையில் இடிக்கும், எனவே மெல்லிய பட்டைக்கு 3 மில்லிமீட்டர் குதிகாலோடு இன்னொன்று செய்துகொள்வது நல்லது.

பிடிதான் முக்கியம். மாமா தன் பழைய கைவாளை எடுத்துவந்து, அதன் பிடியைப் பிளைவுட் மேல் வைத்துப் பென்சிலால் வரைந்தார். "இது நூறு வருசமா கைக்குப் பழகுனது, நீ எதுக்குப் புதுசா யோசிக்கிற?" நாலு விரல் உள்ளே போகும் ஓட்டை, கட்டை விரல் பின்னால் சுற்றி வரும் வளைவு. பிடி செங்குத்தாக நின்றால் மணிக்கட்டு மடங்கும், படுத்துவிட்டால் அமுக்க முடியாது. முன்னால் கொஞ்சம் சாய்ந்து, பாதிக்குப் பாதி இருக்க வேண்டும். அப்போது தோளின் பலம் முன்னாலும் கீழேயும் சமமாக இறங்கும். பிடியை அடிப்பாகத்தின் நடுவில் வைக்காமல் பின்பக்கம் தள்ளி வைக்க வேண்டும், ரம்பம் நிற்கும் உயரத்தைவிடக் கை மேலே இருக்க வேண்டும். நழுவினாலும் விரல் ரம்பத்தின் தலைக்கு மேலே போகுமே தவிர, அதற்குள் போகாது.

வெட்டிய பிறகு எல்லா விளிம்பையும் அரத்தால் உருட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். நான் சீக்கிரம் முடித்துவிட்டேன், மாமா மறுபடி அரை மணி நேரம் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பார்த்து, உறுத்தும் இடத்தைக் கண்டுபிடித்து மறுபடி தேய்ப்பார். அந்தப் பாதி விரல் வந்து உட்காரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் ஆழமாகக் குடைந்துகொண்டார். வார்னிஷ் வேண்டாம், வேர்வையில் வழுக்கும். ஆணி, ஸ்க்ரூ எதுவும் வேண்டவே வேண்டாம். தள்ளுகுச்சி என்றாவது ஒருநாள் ரம்பத்தில் வெட்டுப்படத்தான் போகிறது, அது வெட்டுப்பட வேண்டியதுதான், அதற்காகத்தான் இருக்கிறது. அப்போது உள்ளே இரும்பு இருந்தால் ரம்பத்தின் பல் தெறிக்கும்.

எப்போது எடுக்க வேண்டும்? பிரிட்டனின் பாதுகாப்பு வழிகாட்டிகள் சொல்வது எளிது: மரத்தின் நீளமே 30 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் முதலிலிருந்தே குச்சி, நீள மரம் என்றால் கடைசி 30 சென்டிமீட்டருக்குக் குச்சி. அதற்குக் குச்சி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ரம்பம் ஓடும்போது திரும்பித் தேடினால் காரியம் கெட்டது. மேசையின் வலது காலில் ஒரு கொக்கி அடித்து மாட்டினோம்.

குச்சி எல்லாவற்றையும் தீர்க்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். பின்கத்தி இல்லாத ரம்பத்தில் மரம் எத்தத்தான் செய்யும், குச்சி கையை மட்டும்தான் காக்கும். எங்கள் பக்கத்தில் நான் பார்த்த சர்க்குலர் எல்லாம் வெல்டிங் கடையில் ஆங்கிள் வைத்துச் செய்தவை, மூடியும் இல்லை, பின்கத்தியும் இல்லை. இன்னும் மோசம், டைல்ஸ் வெட்டும் கட்டரில் மர பிளேடு மாட்டி, அதைக் கவிழ்த்துப் பலகைக்கு அடியில் பூட்டி மேசை ரம்பம் ஆக்குவது. அது நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் 1999இல் ஒரு ரம்பத்தைக் கண்டுபிடித்தார். விரல் தொட்டால் உடம்பின் மின்கடத்தலை உணர்ந்து, ஐந்து மில்லி நொடிக்குள் ஒரு அலுமினியக் கட்டை பல்லில் பாய்ந்து ரம்பத்தை நிறுத்திவிடும். விரலுக்குப் பதில் சாசேஜை வைத்துச் செய்துகாட்டும் வீடியோக்கள் பிரபலம். 2004 முதல் விற்பனையில் இருக்கிறது. அற்புதமான பொருள். அந்த விலையில் எங்கள் ஊரில் ஒரு பட்டறையையே வைத்துவிடலாம்.

கடைசியாக ஒரு உபகாரச் செய்தி. யாருக்காவது விரல் துண்டாகிவிட்டால், அந்தத் துண்டைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பையில் வைத்து உடனே எடுத்துச் செல்லுங்கள். துண்டை நேராக ஐஸில் போடக்கூடாது. கட்டை விரலை மறுபடி ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சையை ஜப்பானில் 1965இலேயே செய்துவிட்டார்கள், இன்று தமிழ்நாட்டிலும் செய்கிறார்கள். மாமாவின் விரல் மரத்தூளுக்குள் கிடந்ததை மறுநாள்தான் தேடியிருக்கிறார்கள்.

எங்கள் குச்சி இப்போது மூன்று மாதமாக அந்தக் கொக்கியில் இருக்கிறது. அடியில் ரம்பம் கடித்த வெட்டு ஏழு எண்ணினேன். பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையனுக்குக் கை சின்னது, இந்தப் பிடி அவனுக்குப் பெரிதாக இருக்கிறதாம். அடுத்த ஞாயிறு அவன் கையைப் பேப்பரில் வரைந்து எடுத்துவரச் சொல்லியிருக்கிறார் மாமா.